பெயிண்ட் டப்பாவுக்குள் கார்ப்பரேட்டர்

அத்தியாயம் 4

"திருடுபோன சாமான் கெடச்சாச்சு. திருடனும் எதிர்ல குந்திக்கினு கீறான். இன்னும் இன்னாத்தம்மா துப்பறியப் போறே?"

சம்பந்தம் இப்படிக் கேட்டது நாகலக்ஷ்மி மேடத்தை. நானாக இருந்தால் அந்தப் 'போறே'வுக்கே திரும்பி நடந்திருப்பேன். மேடத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, ஓட்டியவன் சொல்வது மெய்யா பொய்யா என்று எழுதிக் கொடுத்தவர். மரியாதை கிடைக்காத இடங்களில் வேலை பார்த்துப் பழகியவர். நான் பழகவில்லை. என் பெயர் பிரேம். மேடத்தின் உதவியாளன். சம்பளம் வாங்குவது துப்பறிய, செய்வது ஸ்கூட்டர் ஓட்டுவது.

எனக்குக் கால் வேறு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. சேலையூர் தாண்டி மேடவாக்கம் போகிற ரோட்டில் இருக்கிறது மெக்கானிக் எட்மண்டின் ஷெட். அதன் வாசலில் புதிதாக நட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்த ஒரு கல்லில் கட்டை விரலை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தேன். எந்தப் புண்ணியவான் நட்டானோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஷெட் நடுவில் கேஸின் காரணகர்த்தா நின்றது. 1963 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், க்ரீம் கலர். சம்பந்தத்தின் அப்பா மாணிக்கவேல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களுக்கான போட்டி. அங்கே பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க மாட்டார்கள். பானெட்டைத் திறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பார்ட்டுகள்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நாற்பது வருடத்தில் கை வைத்த மெக்கானிக்கெல்லாம் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தான். ஒரு வண்டியின் டைனமோ, இன்னொரு வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர். எட்மண்ட் ஆடி மாதம் தொடங்கி அலைந்து திரிந்து எல்லாவற்றையும் சரியானதாக மாற்றிவிட்டார்.

யாரும் மாற்றாமல் கூடவே வந்த ஒரே உறுப்பு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர். அதுதான் ஆவணியில் ஷெட் அலமாரியிலிருந்து காணாமல் போனது. காணவில்லை என்று சம்பந்தத்துக்குப் போன் செய்து சொன்னதே எட்மண்ட்தான். பலன், திருட்டுப் பட்டம். இன்று மாலை ஐந்து மணிக்குள் பொருள் வரவில்லையென்றால் போலீஸ் புகார், கூடவே ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கெடு. நிலம் சம்பந்தத்தினுடையது.

பொருள் காலையிலேயே வந்துவிட்டது. வந்த இடம்தான் சரியில்லை. சம்பந்தத்தின் மச்சான் குமரவேல், ஷெட் பரண் மேலிருந்த காலி பெயிண்ட் டப்பாவுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய கார்ப்பரேட்டரை எடுத்திருக்கிறான். பக்கத்து டீக்கடையே சாட்சி.

"டப்பா டப்பாவா பாத்தியாப்பா?" என்று மேடம் குமரவேலைக் கேட்டார்.

"ஆமாங்க."

"பரண்ல முப்பது டப்பா இருக்கு. எத்தனாவதுல கெடச்சது?"

அவன் மாமாவைப் பார்த்தான். "மொதல் டப்பாதான். அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டக்காரர் மேடம்," என்றேன் நான். "லாட்டரியை நம்ம ஊர்ல நிறுத்தினது இவருக்குத்தான் பெரிய நஷ்டம்."

"வாயக் கொஞ்சம் மூடிக்கறியா?" என்றார் சம்பந்தம். மூடிக்கொண்டேன். அவரிடம் எட்டு தண்ணி லாரி இருக்கிறது, என்னிடம் ஒரு ஸ்கூட்டர்.

மேடம் கார்ப்பரேட்டரை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். எஞ்சின் மேல் உட்காரும் தட்டையான அடிமுகத்தில், மூன்று இடத்தில், செம்மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"துரு," என்றேன்.

"இது இரும்பு இல்ல பிரேம். துரு பிடிக்காது."

"அப்ப என் மூளையிலதான் பிடிச்சிருக்கு."

மேடம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு எட்மண்டிடம் திரும்பினார். அறுபத்திரண்டு வயது ஆள். ஸ்டூலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டதே அவர்தான். அதற்காக எங்களைப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

"இதைக் கழட்டினதும் என்ன செஞ்சீங்க?"

"பெட்ரோல்ல ஊற வெச்சு பிரஷ் போட்டேன். உள்ள, வெளிய, அடில, ஒரு பொட்டு அழுக்கில்லாம. அப்பால துணி சுத்தி அலமாரில வெச்சேன்."

"நானே பாத்தேனே," என்றார் சம்பந்தம். "கண்ணாடி மாரி இருந்துச்சு. அதான் ஆசை வந்துடுச்சு அய்யாவுக்கு. பல்லாவரம் சந்தையில பொன்னுரங்கம் கையில வெல பேசிக்கினு இருந்தான்னு என் மச்சான் கேள்விப்பட்டான்."

"இங்க ஆயுத பூஜை போட்டீங்களா எட்மண்ட்?" என்றார் மேடம்.

"ரெண்டு வருசமா நான் ஒண்டி ஆளு. சர்ச்சுக்குப் போறவன் எனக்கு இன்னா பூஜை? அன்னிக்கு ஷட்டரை மூடிட்டு வூட்ல தூங்கினேன்." அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "மேடம், உங்களால ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நானே ஸ்டேஷனுக்கு நடந்து போறேன். முப்பது வருசம் முன்ன பெரியவர் மாணிக்கவேலு, கோயில்ல ஊருக்கு முன்னாடி வாக்கு குடுத்தாரு. 'எட்மண்டு வேலை செய்யற வரைக்கும் இந்த எடத்துலேர்ந்து அவனை யாரும் எழுப்பக் கூடாது'ன்னு. அந்த எடத்துலேர்ந்து திருடன்னு பேரோட போவணும்னா, நான் செத்ததுக்கு சமானம்."

"அஞ்சு மணிக்கு வர்றோம்," என்றார் மேடம்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே கேட்டேன். "என்ன வாசனை மேடம்?"

"மஞ்சள். மேல குங்குமம். யாரோ கார்ப்பரேட்டருக்குப் பொட்டு வெச்சிருக்காங்க. ஆயுத பூஜை போய் ரெண்டு வாரம்தான் ஆகுது. அன்னைக்கு இது யார் வீட்ல இருந்ததுன்னு கண்டுபிடிச்சா போதும்."

"தாம்பரம் பூரா மஞ்சளும் குங்குமமும்தான் மேடம்."

"வண்டியை எடு."

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை என்றால் ஆணியிலிருந்து அலமாரி வரை எல்லாம் தரையில் கிடக்கும். பொன்னுரங்கம் பழைய வண்டி சாமான்களைத் தார்ப்பாய் மேல் பரப்பி, நடுவில் தானும் ஒரு பழைய சாமானாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கறதுன்னா வாங்கு. கதை கேக்க வந்திருந்தா அடுத்த கடைக்குப் போ. காலைலேர்ந்து போணி ஆவல."

மேடம் ஒரு ஸ்பானரை எடுத்து, பேரம் பேசாமல் காசைக் கொடுத்தார். பொன்னுரங்கத்துக்கு அதுவே சந்தேகமாகப் போய்விட்டது.

"எட்மண்ட் உங்ககிட்ட கார்ப்பரேட்டர் விக்க வந்தாரா?"

"எவன் சொன்னான்? கூட்டினு வா, பல்லைப் பேக்கறேன். அந்த ஆளு எட்டு வெள்ளியா வந்து உயிரை எடுக்கறாரு. விக்க இல்ல, வாங்க. 'ஹெரால்டு கார்ப்பரேட்டர் ஒண்ணு வந்தா எடுத்து வை பொன்னுரங்கம், என் மோட்டார் சைக்கிளை வித்தாவது வாங்கி வெச்சிடறேன்'னு கெஞ்சறாரு. கையில வெச்சிக்கினே எவனாவது எட்டு வாரம் தேடுவானா?"

மேடம் தார்ப்பாய் மேலிருந்த தராசைக் காட்டினார். அதில் விபூதிப் பட்டை, நடுவில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு. பக்கத்திலிருந்த ஜாக்கியிலும் அதேதான்.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் இப்படித்தானா?"

"ஆமா. பட்டை போட்டு ஒத்தப் பொட்டு. எங்கப்பா காலத்துலேர்ந்து. அதுக்கு இன்னா இப்ப, வரி போடப் போறியா?"

"இல்ல. அது உங்க வழக்கம்னு தெரிஞ்சுக்கத்தான்." மேடம் எழுந்தார். திரும்பி நடக்கும்போது சொன்னார், "பொட்டு எல்லாரும் வெப்பாங்க பிரேம். ஆனா ஒவ்வொரு வீட்டுக் கையும் ஒரு மாதிரி வெக்கும்."

"அடுத்து எந்த வீட்டுக் கை?"

"சம்பந்தம் வீட்டுக் கை."

மேடவாக்கத்தில் அந்த வீட்டைத் தேட வேண்டியதில்லை. முன்னால் இரண்டு தண்ணி லாரி நின்றது. மற்ற லாரிகள் எல்லாம் வேறு ஷெட்டில் நிற்பவை, இந்த இரண்டு மட்டும் வீட்டுக்கு வந்து போகும் என்று வாட்ச்மேன் சொன்னார். ஆயுத பூஜையன்று சம்பந்தமும் குமரவேலும் லாரி ஷெட்டில்தான் பூஜை போடுவார்களாம், வீட்டுப் பூஜை அம்மாவுடையதாம்.

அம்மா, அதாவது சம்பந்தத்தின் மனைவி தையல்நாயகி, கிரில் கதவைத் திறக்காமலே பேசினார்.

"அவர் இல்லாத நேரத்துல யாரையும் உள்ள வுடறதில்ல."

"உள்ள வரவேணாம்மா. தண்ணி மட்டும் குடுங்க."

தண்ணீர் வந்தது. கிரிலுக்குப் பின்னால் தெரிந்ததை எல்லாம் பார்த்தேன். மோட்டார் பம்ப்பில் பொட்டு. ஃபிரிட்ஜில் பொட்டு. டிவியில், தையல் மெஷினில், டெலிபோனில், பூட்டில். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் என் பெல்ட்டுக்கும் வைத்துவிடுவாரோ என்றிருந்தது. எல்லாம் மஞ்சள் மேல் குங்குமம். எல்லாம் மூன்று மூன்று.

"மூணு வெச்சிருக்கீங்களே," என்றார் மேடம்.

தையல்நாயகியின் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது. "எங்க மாமியார் சொல்லிக் குடுத்தது. ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு சாமானுக்கு, ஒண்ணு அதைத் தொட்டு வேலை செய்யற கைக்கு. இந்தப் பக்கத்துல வேற யாரு வூட்லயும் இப்படி வெக்க மாட்டாங்க. சந்தனம் எனக்கு ஒத்துக்காது, அதான் மஞ்சள்."

"ரெண்டு வாரமாச்சு, இன்னும் அப்படியே இருக்கு."

"அடுத்த பூஜை வரைக்கும் அழிக்க மாட்டேன். அதுவா உதுந்தா உதுரட்டும். என் கையால வெச்ச பொட்டை என் கையாலயே அழிக்கறதா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல ஒருநாள் செஞ்சதில்ல."

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். எப்படி ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றி வளைப்பார் என்று நினைத்தேன். வளைக்கவில்லை.

"அம்மா, எட்மண்ட் ஷெட்ல காலைல ஒரு கார்ப்பரேட்டர் கெடச்சுது. அதுல உங்க மூணு பொட்டு இருக்கு. உங்க வீட்லேர்ந்துதான் அங்க போயிருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரைத் திருடன்னு போலீஸ்ல குடுக்கப் போறாங்க. உங்களை ஏமாத்தி ஒண்ணும் கேக்க நான் விரும்பல. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

தையல்நாயகி கிரில் வழியாக டம்ளரை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு உள்கதவை எங்கள் முகத்தில் அறைந்து சாத்தினார்.

"தண்ணியாவது முழுசா குடிச்சிருக்கலாம்," என்றேன். "மேடம், ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குமரவேல். இந்த வீட்டு மாடியிலதான் குடியிருக்கான்னு வாட்ச்மேன் சொன்னாரே. முதல் டப்பாவுலயே கையை விட்டான்."

"இருக்கலாம். உன் காலை இடிச்ச கல் எப்ப நட்டதுன்னு டீக்கடையில கேளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸை முடித்துக் கையில் கொடுத்தால் கல்லைப் பற்றிக் கேட்கிறார். ஆனாலும் போகிற வழியில் கேட்டேன்.

ஐந்து மணிக்கு ஷெட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. சம்பந்தமே ஆள் அனுப்பி, பழைய பஞ்சாயத்துத் தலைவர் தனக்கோடியை வரவழைத்திருந்தார். மாணிக்கவேல் கோயிலில் வாக்குக் கொடுத்தபோது கூட நின்றவர். அவருக்கு மட்டும் நாற்காலி. எட்மண்ட் சட்டை மாற்றிக்கொண்டு நின்றிருந்தார். ஸ்டேஷனுக்குப் போகத்தான்.

மேடம் கார்ப்பரேட்டரைத் தனக்கோடியிடம் திருப்பிக் காட்டினார். மூன்று பொட்டு, மஞ்சள் மேல் குங்குமம், யார் வீட்டு வழக்கம் என்று கேட்டார்.

"மாணிக்கவேல் வூட்டு வழக்கம்," என்றார் தனக்கோடி யோசிக்காமல்.

குமரவேலுக்கு வேர்த்தது. சம்பந்தம் சிரித்தார்.

"அட, நம்ம வூட்டு வண்டி, நம்ம வூட்டுப் பொட்டு. போன வருசம் வண்டி வூட்லதான் நின்னுச்சு. பானெட்டைத் தெறந்து எஞ்சினுக்குப் பொட்டு வெச்சா என் பொண்டாட்டி. அதான் இது. இத்த கண்டுபுடிக்கத்தான் காலைலேர்ந்து ஊர் சுத்தினியாம்மா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். போன வருடப் பொட்டு. இதை நான் யோசிக்கவே இல்லையே.

"எட்மண்ட், பானெட்டைத் திறங்க," என்றார் மேடம். "கார்ப்பரேட்டர் உட்கார்ற இடத்தைக் காட்டுங்க."

எட்மண்ட் காட்டினார்.

"இந்தப் பொட்டு இருக்கிற முகம் எங்க ஒட்டும்?"

"இங்க. எஞ்சினுக்கும் அதுக்கும் நடுவுல. பேக்கிங் வெச்சு நட்டு போட்டு முடுக்கிட்டா வெளிய தெரியாது. காத்துகூடப் பூராது."

"வண்டியில மாட்டியிருக்கிறப்ப அங்க பொட்டு வெக்க எந்தக் கையாலயும் முடியாது," என்றார் மேடம். "கழட்டின பிறகுதான் முடியும். கழட்டினது ஆடியில. பெட்ரோல்ல கழுவினாங்க. கண்ணாடி மாதிரி இருந்ததை நானே பாத்தேன்னு காலைல சொன்னது யாரு, சம்பந்தம்?"

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தம் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வண்டியில் ஏறி ஊர்வலம் போகத் தெரிந்த மனிதர், அதன் உறுப்பு ஒன்றை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. பிறகு திரும்பி, குமரவேலின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

"என் சோத்தைத் தின்னுட்டு என் வூட்லயே ஒளிச்சு வெச்சியா, நாயே? நீதானே எடுத்தே?"

குமரவேல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தான். நான் மேடத்தைப் பார்த்து, 'சொன்னேனா' என்று புருவத்தை உயர்த்தினேன்.

"சரி தனக்கோடி அண்ணா, வூட்டுத் திருடன் மாட்டிக்கினான்," என்றார் சம்பந்தம். "அவனை நான் பாத்துக்கறேன். ஆனா ஒரு சாமானைப் பத்திரமா வெக்கத் தெரியாத ஆளு எட்மண்டு. இவரு காலி பண்ணட்டும்."

"என் தம்பி பீரோவைத் தொட்டதே இல்ல."

வாசலில் தையல்நாயகி நின்றிருந்தார். ஆட்டோ ஒன்று வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. தம்பியின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது, அதைப் பார்த்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது.

"ஆயுத பூஜைக்கு வெள்ளி விளக்கு எடுக்கணும்னு உங்க கையிலதான் பீரோ சாவி வாங்கினேன். விளக்குக்குப் பின்னாடி இது துணி சுத்திக்கினு கிடந்துச்சு. அய்ய, இதுக்கும் வருசத்துல ஒருநாள்தானேன்னு எடுத்து பூஜையில வெச்சேன். நிக்கல, ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. கவுத்து வெச்சு, பட்டையா இருந்த எடத்துல பொட்டு வெச்சேன். நீங்க லாரி ஷெட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள பழையபடி சுத்தி வெச்சிட்டேன். இந்த வூட்ல பீரோ சாவி ஒண்ணே ஒண்ணு. இப்பவும் உங்க அரணாக் கவுத்துலதான் தொங்குது. காட்டட்டுமா?"

சம்பந்தத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மாமாதான் நேத்து குடுத்தாரு," என்றான் குமரவேல் மெதுவாக. "டப்பாவுல போட்டுட்டு, காலைல நீயே எடுன்னாரு."

"ஏன்டா சம்பந்தம்?" என்றார் தனக்கோடி. "உன் வண்டி, உன் சாமான். நீயே எடுத்து நீயே வெப்பியா?"

"வாசலுக்கு வாங்க ஐயா," என்றார் மேடம். "பிரேம், கல்லைக் காட்டு."

என் கட்டை விரலுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. காட்டினேன். நாலு மூலையிலும் நாலு கல், போன வாரம் ஒரு பில்டரின் ஆட்கள் அளந்து நட்டது, டீக்கடைக்காரர் முன்னிலையில்.

"அப்பா குடுத்த வாக்கை மீறி மகன் நிலத்தை பில்டருக்கு வித்தா ஊர் காறித் துப்பும்," என்றார் மேடம். "திருடனுக்குக் குடுத்த வாக்குன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால இவருக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான்."

தனக்கோடி கல்லைப் பார்த்தார், சம்பந்தத்தைப் பார்த்தார். "உங்கப்பன் பேசினது எனக்கு இன்னும் காதுல கீது. புடுங்கு."

"அண்ணா, அது..."

"ஆள் வெச்சு இல்ல. நீயே புடுங்கு."

எட்டு தண்ணி லாரிக்கு முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் குனிந்ததை, டீக்கடையோடு சேர்ந்து நானும் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

உள்ளே எட்மண்ட் கார்ப்பரேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். ஸ்பானர் கையிலிருந்தது. மாட்டவில்லை.

"இன்னா அண்ணா?" என்றார் தையல்நாயகி.

"பொட்டு இருந்தா பேக்கிங் ஒட்டாதும்மா. காத்து பூந்துடும். தொடைக்கணும்." அவர் தயங்கினார். "நீ அழிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். உங்க மாமியார் காலத்துலேர்ந்து பாக்கறேன்."

தையல்நாயகி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முந்தானை நுனியைப் பெட்ரோல் கிண்ணத்தில் நனைத்தார். மூன்று பொட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்தார், அவசரப்படாமல், புருஷன் கையில் மண்ணோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சம்பந்தம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

எட்மண்ட் மாட்டி, நட்டை முடுக்கி, சாவியைத் திருப்பினார். ஹெரால்ட் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டார். பிறகு அணைத்துவிட்டுச் சாவியைத் தையல்நாயகியின் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமை போட்டிக்குத் தைரியமா எடுத்துக்கினு போம்மா. எவன் வேணா பானெட்டைத் தெறந்து பாக்கட்டும். பெரியவர் வாங்கினப்ப இருந்த மாரியே எல்லாம் ஒரிஜினல்." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஓனரு மட்டும்தான் டூப்ளிகேட்டு."